எஸ்ஐ 5351ஏ: 40 முதல் 10 மீட்டர் வரையான எஸ்டிஆர் போர்டுக்கு

எஸ்டிஆர் (சிக்னலை மென்பொருளால் பிரித்தெடுக்கும் ரேடியோ) ரிசீவர் போர்டை 40 முதல் 10 மீட்டர் வரையான அமெச்சூர் அலைவரிசைகளுக்குத் தாங்களே வடிவமைப்பவர்களுக்கு, அதிர்வெண்களை உண்டாக்கும் எஸ்ஐ 5351ஏ என்ற இந்த கிளாக் சிப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். சிலிகான் லேப்ஸ் உருவாக்கி, 2021-இல் ஸ்கைவொர்க்ஸ் வசம் போன சிப் இது. 10 கால்கள், மூன்று அவுட்புட், ஐ2சி கட்டுப்பாடு. கால்களுக்கு இடைவெளி 0.5 மி.மீ.தான், ஃபிளக்ஸ் தாராளமாக இருந்தால் கையாலேயே சால்டர் செய்யலாம்.

ரிசீவரின் ஐ, க்யூ என்ற இரு வழிகளுக்கும் தேவையான 90 டிகிரி கட்ட வேறுபாட்டைத் தானே தருவதுதான் இதன் பெரிய பலம். இது இல்லாவிட்டால் 28 மெகாஹெர்ட்ஸ் கேட்க 112 மெகாஹெர்ட்ஸ் உண்டாக்கி, ஃபிளிப்-ஃபிளாப்பால் நான்கால் வகுக்க வேண்டும். இதன் உள்ளே விசிஓ (அடிப்படை அதிர்வை உண்டாக்கும் ஆசிலேட்டர்) 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பேஸ் (கட்ட) ரிஜிஸ்டரின் ஒரு படி, விசிஓ சுழற்சியில் கால் பங்கு. ஆகவே வகுக்கும் எண்ணையே பேஸ் ரிஜிஸ்டரிலும் எழுதினால் சரியாக 90 டிகிரி. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு விசிஓ 610.6, வகுஎண் 86, பேஸ் 86. அந்த ரிஜிஸ்டர் 127-ஐத் தாண்டாது, இரட்டைப்படை வகுஎண் 126 வரைதான் என்பதால் 4.76 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த வழி நின்றுவிடும். 80 மீட்டருக்காக விசிஓவை 441 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி ஓட்டுபவர்கள் உண்டு. அது டேட்டாஷீட் எல்லைக்கு வெளியே.

கட்ட வேறுபாடு நிலைபெற விசிஓவைப் பூட்டி வைக்கும் பிஎல்எல் சுற்றின் ரீசெட் (ரிஜிஸ்டர் 177) அவசியம். ஆனால் டியூன் செய்யும் ஒவ்வொரு படிக்கும் ரீசெட் செய்தால் ஸ்பீக்கரில் டக் டக் என்று கேட்கும். வகுஎண் மாறும்போது மட்டும் ரீசெட் செய்து, மற்ற நேரத்தில் பிஎல்எல் பின்னத்தை மட்டும் நகர்த்துங்கள்.

ஜோடியாக, கிளாக்கின் தாளத்தில் ஆண்டெனா சிக்னலை நான்கு வழிகளுக்கு மாற்றிவிடும் எஃப்எஸ்டி3253 சுவிட்சைப் போடலாம். 5 வோல்ட்டில் இயங்கினாலும் 3.3 வோல்ட் கிளாக்கை ஏற்கும். இங்கேதான் பல போர்டுகள் கெடுகின்றன. இரு கிளாக்கும் 00, 01, 11, 10 என்ற வரிசையில் சுற்றுவதால், ஆப்-ஆம்புக்கு (பெருக்கிக்கு) 00-உடன் 11, 01-உடன் 10 இணைய வேண்டும். கால்களின் வரிசைப்படி ஜோடி சேர்த்தால் ஐ, க்யூ இரண்டிலும் ஒரே சிக்னல் வரும். பிறகு எந்த மென்பொருளாலும் இமேஜை (மறுபக்கத்தில் தோன்றும் போலிச் சிக்னலை) நீக்க முடியாது.

சாம்ப்ளிங் கெப்பாசிட்டரில் சிக்கனம் வேண்டாம். 50 ஓம் ஆண்டெனாவும் சுவிட்சின் 4 ஓமும் சேர்ந்தால், 22 நானோஃபாரட் சுமார் ±33 கிலோஹெர்ட்ஸ் அகலம் தரும்; 48 கிலோஹெர்ட்ஸ் சவுண்ட் கார்டுக்குப் போதும். 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் ±7-தான், ஸ்பெக்ட்ரத்தின் ஓரங்கள் தொய்ந்துவிடும். வகை சி0ஜி மட்டுமே. எக்ஸ்7ஆர் வெப்பத்துக்கும் வோல்டேஜுக்கும் மதிப்பு மாறும். இரு வழிகளின் அளவில் 1% வித்தியாசம் வந்தாலே இமேஜ் 46 டெசிபெலுக்கு மேல் அடங்காது.

ஆப்-ஆம்புக்கு எல்எம்4562: இரைச்சல் ஒரு ரூட் ஹெர்ட்ஸுக்கு 2.7 நானோவோல்ட், ஒற்றை 5 வோல்ட் சப்ளையும் போதும். என்இ5532-க்கு இதைவிட அதிக சப்ளை வேண்டும்.

கிரிஸ்டல் 25 அல்லது 27 மெகாஹெர்ட்ஸ். லோடு கெப்பாசிட்டர் சிப்புக்குள்ளேயே 6, 8, 10 பிகோஃபாரட் எனத் தேர்ந்தெடுக்கும்படி இருக்கிறது. வெளியே வேறு சேர்க்க வேண்டாம். 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) பிழை 14 மெகாஹெர்ட்ஸில் 420 ஹெர்ட்ஸ் என்பதால் டிஜிட்டல் மோடுகளுக்கு 26 மெகாஹெர்ட்ஸ் டிசிஎக்ஸ்ஓ (வெப்பத்துக்கு ஈடுசெய்யும் ஆசிலேட்டர்) நல்லது: 0.1 மைக்ரோஃபாரட் வழியாக எக்ஸ்ஏ காலுக்கு, எக்ஸ்பி காலியாக. 3.3 வோல்ட்டுக்குத் தனி ரெகுலேட்டர் கொடுங்கள். மைக்ரோகன்ட்ரோலரோடு பகிர்ந்தால் அதன் இரைச்சல் கிளாக்கில் ஏறி, பலமான நிலையங்களைச் சுற்றிப் புகைபோலப் பரவும்.

முன்னால் பேண்ட்பாஸ் ஃபில்டர் கட்டாயம். இந்த சுவிட்ச் டிடெக்டர் மூன்றாம் ஹார்மோனிக்கை வெறும் 9.5 டெசிபெல்தான் குறைக்கிறது, 7.150-ஐக் கேட்கும்போது 21.450-இல் தொடங்கும் 13 மீட்டர் ஒலிபரப்பும் சேர்ந்து வரும்.