வயதா, சக்கரமா: ஒற்றைச் சக்கர சைக்கிள் பந்தயத்துக்கு எந்த விதி?

கிருஷ்ணகிரியில் பிள்ளைகளுக்கு ஒற்றைச் சக்கர சைக்கிள் பந்தயம் வைப்பதென்றால் முதல் கேள்வி இதுதான்: வயதை மட்டும் பார்த்துப் பிரிப்பதா, சக்கர அளவுக்கும் வரம்பு வைப்பதா?

வயது மட்டும் என்றால் வேலை சுலபம். பிறப்புச் சான்றிதழ் போதும், புது வண்டி வாங்க வேண்டாம். ஆனால் இந்த வண்டியில் பெரும்பாலும் கியர் கிடையாது. பெடல் ஒரு சுற்று என்றால் சக்கரமும் ஒரு சுற்று. பெரிய சக்கரம் வாங்க வசதியுள்ள பிள்ளை மிதிக்கும் முன்பே பாதி ஜெயித்துவிடுகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

சர்வதேச விதி இரண்டையும் சேர்க்கிறது. தடகளப் பாதையில் 24 அங்குல வகுப்புக்கு டயரின் வெளிவிட்டம் 618 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கிராங்க், அதாவது பெடலைச் சக்கர அச்சோடு இணைக்கும் தண்டு, நீளத்தில் 125 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 10 வயது வரையான சிறுவர்களின் 20 அங்குல வகுப்புக்கு இவை 518, 100. கிராங்க் விதியை விட்டுவிடாதீர்கள், குட்டைக் கிராங்கில் கால் இன்னும் வேகமாகச் சுழலும். டயரில் அச்சடித்த எண்ணையும் நம்ப வேண்டாம். தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று உருட்டுங்கள். 194 செ.மீ.யைத் தெளிவாகத் தாண்டினால் அது 24 வகுப்பு இல்லை.

மைதானத்துக்கு என் ஓட்டு சக்கர வரம்புக்கே. 10 கி.மீ. சாலை ஓட்டம் என்றால் சரி, அளவைத் திறந்துவிட்டு வயதுப் பிரிவு மட்டும் வைக்கலாம், ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கி.