குலைநோய்க்குச் சூடோமோனாஸ்: பல சம்பாப் பருவங்களின் அனுபவம்

டெல்டாவில் பிபிடி 5204 நெல் ரகம் பயிரிடுகிறவர்களுக்கு மார்கழிப் பனி இறங்கியதுமே, பூசணத்தால் வரும் குலைநோய்க் கவலை வந்துவிடும். அந்த ரகத்திற்குச் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா கலந்த டால்க் தூளைப் பல சம்பாப் பருவங்களாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இதைப் பூசணக்கொல்லி என்று எண்ணி வாங்குகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

டிரைசைக்ளசோல் என்ற பூசணக்கொல்லி, பூசணம் இலையைத் துளைத்து நுழையத் தேவையான மெலனின் என்ற நிறமி உருவாகாமல் தடுக்கிறது. சூடோமோனாஸோ வேரில் குடியேறி, ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் ஆகிய ஹார்மோன்களின் வழியே பயிரை ஆயத்த நிலையில் வைக்கிறது. பின்னர் பூசண வித்து இலையில் விழும்போது பயிரின் தற்காப்பு விரைந்தும் வலுத்தும் எழுகிறது. தற்காப்பைத் தூண்டும் மற்றொரு ஹார்மோனான சாலிசிலிக் அமிலத்தின் வழி வேறு. ஜப்பானில் 1970களிலிருந்து பயன்பட்டு வரும் புரோபெனசோல் குருணை அவ்வழியைத்தான் தூண்டுகிறது. (சாலிசிலிக் அமிலத்தையே கரைத்துத் தெளிப்பதை நான் விரும்புவதில்லை, அளவு மிஞ்சினால் இலை கருகும்.)

ஆகவே நோய்க்கு முன்பே இதைக் கொடுத்தாக வேண்டும். கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்து இரவு முழுவதும் ஊறவைக்கிறேன். நடவுக்கு முன் நாற்றின் வேரை அரை மணி நேரம் கரைசலில் நனைக்கிறேன். பின்னர் லிட்டருக்கு 5 கிராம் வீதம் மாலை வேளையில் தெளிக்கிறேன். டால்க் அடியில் படிந்து நாசிலை அடைத்துக்கொள்வதால், துணியில் வடிகட்டாமல் தெளிப்பானில் ஊற்றக் கூடாது.

பலன் இலையிலேயே தெரிகிறது. தூள் கொடுக்காத வரப்போரப் பயிரில் நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. கொடுத்த வயலில் அவை பெரும்பாலும் குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளிகளாகவே நின்றுவிடுகின்றன. ஆனால் கடைமடையில் முறைத் தண்ணீர் தவறி வயல் காய்ந்த பருவங்களில் இந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. வறட்சியிலும் குளிரிலும் பயிரில் பெருகும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன், குலைநோய்க்கு எதிரான தற்காப்பை அடக்கிவிடுகிறது என்பதை அறிந்த பிறகு, நீர் நிர்வாகத்தையும் இந்தத் தூளையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை. யூரியாவை ஒரே தடவையில் அள்ளிப் போட்ட வயலிலும் இதே கதைதான்.

என் பெரிய குறை கடைகளைப் பற்றியது. உயிருள்ள பாக்டீரியாவை வெயில் படும் அலமாரியில் அடுக்கிவைத்து, காலாவதித் தேதி நெருங்கிய பொட்டலத்தையும் முழு விலைக்கே விற்கிறார்கள். தேதியைப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் தாமிர மருந்துடனோ ஆன்டிபயாடிக்குடனோ கலப்பதுமில்லை.

இலைக்குலைக்கு இது போதுமானது என்பேன். கதிரின் கழுத்தைத் தாக்கும் கழுத்துக்குலைக்கு இதை மட்டும் நம்பத் துணியமாட்டேன்: கதிர் வெளிவரும் வேளையில் மூடுபனியும் மேகமும் சேர்ந்து தொடர்ந்தால், டிரைசைக்ளசோலை ஒரு முறை தெளித்துவிடுகிறேன்.