ஆதார் பயோமெட்ரிக் பூட்டு: ஐந்து ஆண்டுப் பயன்பாட்டில் நான் கண்டவை

2021ஆம் ஆண்டு முதல் என் ஆதாரின் பயோமெட்ரிக் பதிவுகளைப் பூட்டியே வைத்திருக்கிறேன். ஆதாரை வழங்கும் ஆணையத்தின் செயலியில் இந்த வசதி இருக்கிறது. ஒருமுறை பூட்டிவிட்டால் விரல்ரேகை, கருவிழி, முகம் ஆகிய எதைக் கொண்டும் நம் பெயரில் சரிபார்ப்பு நடக்காது. ஓடிபி வழி மட்டும் திறந்திருக்கும். தற்காலிகமாகத் திறந்தால் பத்து நிமிடத்தில் தானாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும்.

வங்கியின் பெயர், ஆதார் எண், விரல்ரேகை ஆகிய மூன்றும் இருந்தால் ஓடிபி இல்லாமலேயே கணக்கிலிருந்து பணம் எடுக்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. பத்திரப் பதிவு ஆவணங்களில் பதிந்திருந்த ரேகைகளிலிருந்து போலி ரேகை தயாரித்துப் பணம் திருடிய வழக்குகள் 2023இல் சில மாநிலங்களில் வெளிவந்தபோது, பூட்டி வைத்தது நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். கட்டை விரலை மாற்ற வழியில்லை.

பூட்டு என்ற அளவில் இதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒருமுறை திறக்க மறந்து சிம் கடையில் விரல் வைத்தேன், சரிபார்ப்பு தோல்வியடைந்தது. வீட்டுக்கு வந்து ஆதார் தளத்தில் சரிபார்ப்பு வரலாற்றைப் பார்த்தபோது, அந்த நேரத்துக்கு நேராக 330 என்ற பிழைக் குறியீடு, அதாவது உரியவரே பூட்டியிருக்கிறார் என்ற பதிவு, தெளிவாக இருந்தது. இந்த வரலாறு ஆறு மாதங்களுக்குக் கிடைக்கிறது. மாதம் ஒருமுறை அதைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நம் எண்ணை எவர், எப்போது பயன்படுத்தினார் என்று நமக்கே காட்டும் ஏற்பாடுகள் அரிது என்பதால் இதை மனமாரப் பாராட்டுகிறேன்.

என் மனக்குறையெல்லாம் கவுன்டரின் மறுபக்கத்தில் இருப்பவர்களைப் பற்றியதுதான். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையமே வழங்குகிறது. அதை அச்சிட்டு ஒரு வங்கிக் கிளைக்குக் கொண்டுசென்றபோது, அங்கிருந்த அதிகாரி தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் செல்லாது சார், முழு நம்பர் இருக்கிறதா கொண்டு வாங்க" என்றார். ஆணையமே தந்ததுதான் என்று எடுத்துச் சொன்னதற்கு, "சிஸ்டம் எடுத்துக்காது" என்பதே பதில். அவர் மேசை ஓரத்தில், வரிசையில் நிற்கும் எவரும் படிக்கும்படியாக, யார் யாருடைய ஆதார் ஜெராக்ஸ்களோ அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

மேலிடத்திலும் உறுதியில்லை. 2022 மே 27 அன்று ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்க வேண்டாம், மறைக்கப்பட்ட ஆதாரையே தாருங்கள் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு 29ஆம் தேதியே திரும்பப் பெறப்பட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் கீழ் தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்துவதைச் செல்லாததாக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வங்கிக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் 'விருப்பத்தின் பேரில்' என்று மீண்டும் வழிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் எந்தக் கவுன்டரிலும் என் விருப்பத்தை எவரும் கேட்டதில்லை. தரவிறக்கும் ஆதார் கோப்பின் கடவுச்சொல்லும் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் என்பது ஜெராக்ஸ் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும்.

என்னை மிகவும் வருத்துவது அம்மாவின் நிலை. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விரல்ரேகை முறை வந்தது. வாழ்நாள் முழுவதும் பாத்திரம் தேய்த்து, மாவரைத்துத் தேய்ந்துபோன விரல்கள் அவருடையவை. முந்தானையில் கட்டை விரலைத் துடைத்து வைப்பார், பொருந்தாது. விற்பனையாளர், "வேற விரல வைங்கம்மா" என்பார். பின்னால் நிற்பவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தான் ஏதோ தவறு செய்துவிட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த விரலை வைப்பார். ஓடிபி வழி இருந்தாலும், பலமுறை தோற்ற பிறகே அதற்கு வருகிறார்கள். கருவிழிக் கருவி வந்த பின் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்திருக்கிறது.

ஆனால் அம்மாவின் ஆதாரைப் பூட்ட என்னால் இன்னும் முடியவில்லை. பூட்டினால் கருவிழியும் சேர்ந்தே பூட்டப்படுகிறது. அவருடைய எண்ணுடன் இணைந்திருப்பது என் கைபேசி. அவர் வரிசையில் எப்போது முன்னால் வருவார், சர்வர் எப்போது கிடைக்கும் என்பதை அலுவலகத்தில் இருக்கும் நான் கணித்துப் பத்து நிமிடத்துக்குத் திறந்துவிட வேண்டும். இருமுறை முயன்றோம், இருமுறையும் நேரம் கடந்து வெறும் பையுடன் திரும்பினார். எவரும் எளிதில் ஏமாற்றக்கூடிய அவருடைய கணக்குக்குத்தான் இந்தப் பூட்டு முதலில் வேண்டும். மாதத்துக்கு இருபது கிலோ அரிசிக்காக அது திறந்தே கிடக்கிறது.