‘ஆட்டோமேட்டிக்ல கிளட்ச்சே கிடையாது’ என்று சொல்லி விற்ற டீசல் கார்: வடசென்னைக்காரர்கள் கவனத்துக்கு

செகண்ட் ஹேண்டில் டீசல் ஆட்டோமேட்டிக் கார் தேடிக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். என் அக்கா குடும்பத்துக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். புகார் போயிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. காரின் கம்பெனி பெயரும் வேண்டாம். தவறு காரைத் தயாரித்தவர்களுடையது அல்ல, விற்றவர்களுடையது.

அக்கா வீடு திருவொற்றியூர். மாமாவுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை. தினமும் மணலி, மாதவரம் வழியாக ஜி.என்.டி. ரோடு பிடித்துப் போய் வர வேண்டும். ஓட்டம் அதிகம் என்பதால் டீசல். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகி, கிளட்ச் மிதிக்கிற வேலை கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஆட்டோமேட்டிக். புது வண்டி கைக்கு எட்டாத விலை. அதனால் மாதவரம் பக்கம் ஒரு பழைய கார் கடையில் 2018 மாடல், ஒன்றரை லிட்டர் டீசல் வண்டி ஒன்றைப் பார்த்தார்கள். விலை 6 லட்சத்து 75 ஆயிரம்.

மாமா கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்விதான். “கிளட்ச், கியர் பாக்ஸ்னு பின்னாடி பெரிய செலவு எதுவும் வராதே தம்பி?”

“ஆட்டோமேட்டிக்ல கிளட்ச்சே கிடையாது சார், தேயறதுக்கு என்ன இருக்கு?” என்று விற்பனைப் பையன் சொன்னான். வாய் வார்த்தையோடு நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்திலும் ‘ஃபுல் ஆட்டோமேட்டிக், நோ கிளட்ச், ஜீரோ மெயின்டெனன்ஸ்’ என்று எழுதியிருந்தார்கள். கியர் லீவரில் ‘பி’ என்கிற பார்க்கிங் நிலை இல்லையே என்று அக்கா கேட்டதற்கு, “இது புது டைப் மேடம், ஹேண்ட் பிரேக் போட்டா போதும்” என்று பதில் வந்தது. டெஸ்ட் டிரைவுக்கு ஞாயிறு காலை வரச் சொன்னார்கள். காலியாகக் கிடந்த 200 அடி சாலையில் ஒரு சின்ன ரவுண்டு. வண்டி வெண்ணெய் மாதிரி போயிருக்கிறது. ஆறு மாத ‘இன்ஜின், கியர் பாக்ஸ் வாரண்டி’ என்று ஒரு தாளும் கொடுத்தார்கள்.

மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போன மாலைகளில்தான் அந்த வண்டியின் உண்மை நிலை தெரிய ஆரம்பித்தது. நின்று நின்று நகரும்போது வண்டி குலுங்கும். கருகிய வாடை வரும். டிஸ்பிளேயில் கியர் நம்பர் விட்டு விட்டு மின்னும். ஒரு நாள் சாயங்காலம் அக்கா இரண்டு பிள்ளைகளோடு மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது, ஏற்றத்தில் நின்று திரும்பக் கிளம்ப ஆக்சிலரேட்டர் கொடுத்திருக்கிறார். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறியதே தவிர வண்டி நகரவில்லை. அதற்குப் பிறகு மெல்லப் பின்னால் உருண்டது. பின்னால் லாரி. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை இடது பக்கமாக இறங்கச் சொல்லியிருக்கிறார். லாரி டிரைவர் இடைவெளி விட்டு நின்றிருந்ததால் தப்பித்தார்கள். அவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் அவருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

கடைக்குப் போனோம், இந்த முறை நானும் கூடப் போனேன். பழைய சிரிப்பு இல்லை. மேனேஜர் அந்த வாரண்டி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். பொடி எழுத்தில் ‘கிளட்ச், ஆக்சுவேட்டர், எலெக்ட்ரிகல் பாகங்கள் நீங்கலாக’ என்று இருந்தது. “கிளட்ச் தேய்மானப் பொருள் சார், அது வாரண்டில வராது” என்றார். கிளட்ச்சே இல்லை என்று எழுதி விற்ற அதே கடை! வாட்ஸ்அப் செய்தியைக் காட்டியதும், “பையன் தெரியாம போட்டிருப்பான்” என்று முடித்துக்கொண்டார்.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் சொல்லியாக வேண்டும். இது தெரியாதவர்களிடம்தான் இந்தப் பேச்சு விலை போகிறது. நம் ஊரில் ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் விற்கப்படுபவை உள்ளே வேறு வேறு சாதனங்கள். குடும்பங்கள் வாங்கும் விலையில் வரும் டீசல் வண்டிகளில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று டார்க் கன்வர்ட்டர். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஆயில்தான் விசையைக் கடத்தும், அதனால் ஊர்ந்து போவது அதற்குப் பெரிய சிரமம் இல்லை. இன்னொன்று ஏ.எம்.டி. அக்கா வாங்கிய வண்டி இந்த வகைதான். இது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸேதான். அதே கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட், அதே ரிலீஸ் பேரிங். நம் கால் செய்யும் வேலையை ஒரு ஆக்சுவேட்டரும், அதை இயக்கும் ஒரு கம்ப்யூட்டர் யூனிட்டும் செய்கின்றன. ஊர்ந்து போகும்போதெல்லாம் அந்த யூனிட் கிளட்ச்சைப் பாதி பிடித்தும் பாதி விட்டும் வைத்திருக்கும், பிளேட் உரசிச் சூடாகும். ஏ.எம்.டி. மோசமானது என்று நான் சொல்லவில்லை. விலை குறைவு, மைலேஜ் நல்லது, நெடுஞ்சாலையில் ஓடுபவர்களுக்கு நன்றாகவே உழைக்கும். ஆனால் அதில் கிளட்ச் உண்டு, அது தேயும்.

டீசலோடு சேரும்போது இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இப்போதைய ஒன்றரை லிட்டர் டர்போ டீசல் 250 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க், அதாவது சுழற்றும் விசை, தரும், அதுவும் 1500 ஆர்.பி.எம். பக்கமே. அதே அளவுள்ள, டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் 145-ஐ ஒட்டித்தான் தரும், அதுவும் 4000-ஐத் தாண்டிய பிறகு. அதாவது டீசலில் வண்டி கிளம்பும் அந்த நொடியிலேயே பெரிய இழுவை கிளட்ச் மேல் விழுகிறது. தேய்ந்த பிளேட் காலியான ரோட்டில் காட்டிக்கொடுக்காது. சூடேறி, பாரத்தோடு ஏற்றத்தில் நிற்கும்போதுதான் வழுக்கும். ஞாயிறு காலை டெஸ்ட் டிரைவ் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

தண்டையார்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். அதில் இரண்டு விஷயம் கிடைத்தது. கோளாறு வந்தால் பதிவாகும் பிழைக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை இன்ஜின் கம்ப்யூட்டரே கணக்கு வைத்திருக்கும். அதை டெலிவரி நோட்டில் குறித்திருந்த மீட்டர் ரீடிங்கோடு ஒப்பிட்டதில், வண்டி எங்கள் கைக்கு வருவதற்குச் சற்று முன்தான் அழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அடுத்தது கிளட்ச் தேய்மானம். பல ஏ.எம்.டி. வண்டிகளில் சரியான ஸ்கேனர் இருந்தால் அதைப் பார்க்க முடியும். எங்கள் வண்டியில் அது எல்லையைத் தொட்டிருந்தது. “கிளட்ச் பிடிக்கிற பாயின்டை மறுபடி செட் பண்ணி விட்ருக்காங்க தம்பி, கொஞ்ச நாளைக்குத் தாங்கும்” என்றார் அண்ணன்.

பிறகு மாமா ஆர்.சி. புக்கோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பழைய ரெக்கார்டு கேட்டார். கடைசி பில்லில் ‘கிளட்ச் செட் மாற்றப் பரிந்துரை, உரிமையாளர் வேண்டாம் என்றார்’ என்று இருக்கிறது. கடைக்காரர் இதைப் பார்த்தாரா என்று எனக்கு நிரூபிக்கத் தெரியாது. ஆனால் ஒன்றுமே தெரியாதவர் விற்பதற்கு முன் குறியீடுகளை அழிக்க மாட்டார் என்பது என் முடிவு. கிளட்ச் செட், ஆக்சுவேட்டர், கூலி எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்கு மேல் கொட்டேஷன் வந்திருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். லீவரைப் பாருங்கள். ஆர், என், டி அல்லது ஏ, எம் மட்டும் இருந்து ‘பி’ இல்லையென்றால் அது பெரும்பாலும் ஏ.எம்.டி. ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் உள்ள வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்ததும் பம்ப் ஓடும் ‘உய்ங்’ சத்தம் சில நொடி கேட்கும், அது சாதாரணம். வண்டி சும்மா நிற்கும்போதே அது அடிக்கடி ஓடினால் அழுத்தம் நிற்கவில்லை என்று அர்த்தம். டெஸ்ட் டிரைவை நீங்கள் சொல்லும் நேரத்தில், நீங்கள் சொல்லும் வழியில் கேளுங்கள். மாலை நேரம், நான்கு பேர், ஏ.சி. போட்டு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம், பிறகு ஏதாவது ஒரு மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். உங்கள் மெக்கானிக் ஸ்கேனரோடு கூட வரட்டும். சர்வீஸ் ரெக்கார்டு முழுதும் காட்டிய பிறகே பணம்.

டார்க் கன்வர்ட்டர் வண்டி என்றால் கியர் பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். ‘வாழ்நாள் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்ற பதிலை நம்ப வேண்டாம். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கம் எத்தனை வண்டிகள் நீரில் நின்றன என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். இன்னொன்று, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கும். அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். கொருக்குப்பேட்டை கேட்டுக்கும் ராயபுரத்துக்கும் நடுவே மட்டும் ஓட்டப் போகிறவர்களுக்கு டீசலே தேவையில்லை, பெட்ரோல் ஆட்டோமேட்டிக் போதும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 2023 ஏப்ரல் 1 முதல், பதிவு செய்த வண்டிகளை வாங்கி விற்கும் கடைகள் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். பிரச்சினை வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆனால் கடையில் வாங்காமல் தனி ஆளிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்த வழி உதவாது.

நாங்கள் வண்டியை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்துவிட்டால் ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்பார்கள் என்று வக்கீல் சொன்னார். ஸ்கேன் ரிப்போர்ட், சர்வீஸ் சென்டர் பில், டெலிவரி நோட்டு, வாரண்டி தாளின் இரண்டு பக்கமும், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். 1915-லும் பதிந்தாயிற்று. கடையிலிருந்து, பாதிச் செலவைத் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று போன் வந்தது. மாமா மறுத்துவிட்டார், நானும் அதுதான் சரி என்கிறேன். ‘நோ கிளட்ச்’ என்று எழுதிய இதே மாதிரி விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், வக்கீலிடம் சேர்த்துக் கொடுக்கிறேன்.