முள் நின்ற ஸ்பீடோமீட்டர்: கேபிளா, புதுப்பேட்டை மீட்டரா, ஜிபிஎஸ்ஸா?

பழைய மாருதி 800-இல் வேக முள் நின்றுபோனால் சென்னையில் மூன்று வழி இருக்கிறது. கேபிளையோ மீட்டரையோ சரிசெய்யலாம். புதுப்பேட்டையில் வேறு வண்டியிலிருந்து கழற்றிய மீட்டரை வாங்கி மாட்டலாம். அல்லது பழையதை அப்படியே விட்டுவிட்டு, டேஷ்போர்டு மேல் ஒரு ஜிபிஎஸ் வேகமானியை வைத்துக்கொள்ளலாம். நான் மூன்றாவதைத்தான் எடுத்தேன், இன்றைக்கும் என் ஓட்டு அதற்கே. ஆனால் எல்லா வண்டிக்கும் அதுவே சரி என்று சொல்ல மாட்டேன். முள்ளுக்குக் கீழே இருக்கும் கிலோமீட்டர் எண் இன்னும் ஓடுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

இந்த வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வந்து மீட்டரின் பின்புறம் மாட்டியிருக்கும். சக்கரம் சுழலும்போது அதுவும் சுழலும். மீட்டருக்குள் அதற்கு இரண்டு வேலை. ஒன்று, ஒரு காந்தத்தைச் சுழற்றுவது. காந்தம் தன்னைச் சுற்றியுள்ள அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே, சுழல் மின்னோட்டத்தால் தன்னோடு இழுக்கப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதை எதிர்த்துப் பிடிக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில், கிண்ணத்தோடு இணைந்த முள் நிற்கும். இன்னொரு வேலை, பல்சக்கரங்கள் வழியாகக் கிலோமீட்டர் எண்களை உருட்டுவது.

இது தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி. முள்ளும் எண்ணும் சேர்ந்து நின்றால் பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும், இல்லையென்றால் கியர்பாக்ஸ் பக்கத்துப் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். முள் நடுங்கினாலோ கிரீச்சென்று சத்தம் வந்தாலோ கேபிள் உலர்ந்திருக்கிறது. டிசம்பர் மழையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிய வண்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் கிரீஸ் கழுவிப்போய்விடும். எண் ஓடி முள் மட்டும் நின்றால் கேபிள்மேல் குற்றமில்லை, மீட்டருக்குள்தான் கோளாறு.

கேபிள் கோளாறு என்றால் யோசிக்கவே வேண்டாம், கேபிளை மாற்றுங்கள். செலவு சில நூறு ரூபாய், வேலை அரை மணி நேரம். அதற்குப் போய் ஜிபிஎஸ் வாங்குவது வீண்.

என் வண்டியில் நடந்தது கடைசி வகை. முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது, எண் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டினேன். "சார், கேபிள்னா நான் போட்டுடுவேன். மீட்டரப் பிரிச்சா ஸ்பிரிங் பழையபடி உக்காரும்னு கேரண்டி கிடையாது. கிலோமீட்டர் ஓடுதுல்ல, அத ஏன் நோண்டணும்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மீட்டர் வேலை தெரிந்த நல்ல கைகள் இன்னும் ஊரில் இருக்கின்றன. ஆனால் சுருள்வில்லை மாற்றினால் எந்த வேகத்துக்கு முள் எங்கே நிற்கவேண்டும் என்று மறுபடி அளந்து வைக்கவேண்டும். அளக்காமல் கண்மதிப்பில் வைத்த முள்ளை நம்புவதற்கு, முள் இல்லாமலே ஓட்டலாம்.

அப்புறம் புதுப்பேட்டை. மாருதி 800 மீட்டர் அங்கே கிடைக்காமல் போகாது. விலையும் பேசினால் இறங்கும். மாட்டினால் முள் ஓடும். சிக்கல் என்னவென்றால், அந்த மீட்டர் வேறொரு வண்டியின் கிலோமீட்டரோடு வருகிறது. உங்கள் வண்டி ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஓடியிருக்க, டேஷ்போர்டு அறுபதாயிரம் என்று சொல்லும். விற்கப் போகும்போது சர்வீஸ் பில்லில் ஒரு எண், மீட்டரில் வேறு எண். வாங்க வருபவர் இதைப் பார்த்ததும் மீட்டரைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. மீட்டர் மாற்றிய பில் இருந்தால்கூட விலையில் ஒரு வெட்டு விழும். எண் அதிகமாக உள்ள மீட்டர் கிடைத்தால் சந்தேகம் வராது, ஆனால் ஓட்டாத கிலோமீட்டருக்கெல்லாம் விலை குறையும்.

விற்கும் எண்ணமே இல்லை என்கிறீர்களா? அப்போதும் அந்த எண் வேண்டும். எஞ்சின் ஆயில் எப்போது மாற்றுவது, பிரேக் எப்போது பார்ப்பது என்பதெல்லாம் அதை வைத்துத்தான். மாருதி 800 எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட். அறுந்தால் வண்டி நட்டநடு ரோட்டில் நிற்கும். அதைக் கடைசியாக மாற்றி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று தெரியாமல் வண்டி வைத்திருப்பது எனக்குச் சரிப்படாது. ஜிபிஎஸ் கருவியும் தூரம் காட்டும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். காட்டும்தான். ஆனால் செயற்கைக்கோள் சிக்னல் கிடைத்த நேரத்துக்கு மட்டும் கணக்கு வைக்கும், விட்டுப்போன தூரம் போனதுதான். கருவி கெட்டால் கணக்கும் அதோடு போயிற்று. ஆகவே கிலோமீட்டர் எண் நின்றுபோன வண்டிக்கு ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள், முதலில் எண்ணை ஓட வையுங்கள். எண் ஓடுகிறது, முள் மட்டும்தான் இல்லை என்றால், பழைய மீட்டரைக் கை வைக்காமல் விட்டு வேகத்தை மட்டும் வானத்திடம் கேட்டுக்கொள்ளலாம்.

எதை வாங்குவது? அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் கேட்டால் 'ஹெட்-அப் டிஸ்ப்ளே' என்று பல பெட்டிகளை எடுத்து வைப்பார்கள். அவற்றில் சில ஓபிடி வகை. வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து வேகத்தை வாங்கிக் காட்டுபவை. பழைய மாருதி 800-க்கு அவை ஒத்துவராது. அவை ஒத்துவரும் புது வண்டியிலும், வேக சென்சார் கெட்டிருந்தால் அந்தப் பெட்டி அதே தப்பு வேகத்தைத்தான் திருப்பிச் சொல்லும். 'ஜிபிஎஸ்ஸில் மட்டும் ஓடுமா' என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடியில் எண்ணைப் பிரதிபலிக்கும் மாடல் இரவில் அழகு. சென்னை மதியத்தில் ஒன்றும் தெரியாது. தானே ஒளிரும் எண் கொண்ட சின்னப் பெட்டியை ஸ்டீயரிங்குக்கு நேர் பின்னால் வைப்பதே மேல். கூட வரும் ஒட்டும் பட்டை மே மாத வெயிலில் இளகி நழுவும், நல்ல இரட்டைப்பக்க டேப்பை முதலிலேயே வாங்கிவிடுங்கள். டேஷ்போர்டில் துளைபோட்டுப் பொருத்தும், முள் உள்ள வட்ட ஜிபிஎஸ் மீட்டர்களும் உண்டு. பார்க்க நன்றாக இருக்கின்றன. ஆனால் கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி, ஓட்டிப் பார்த்ததில்லை.

போனே போதாதா என்று கேட்கலாம். கூகுள் மேப்ஸ் வேகம் காட்டும், காசும் இல்லை. எப்போதாவது ஓட்டுபவருக்குப் போதும். தினமும் என்றால் டேஷ்போர்டு வெயிலில் போன் சூடாகும், ஒரு அழைப்பு வந்தால் திரை மாறும். எனக்கு ஒத்துவரவில்லை.

துல்லியத்தைப் பற்றிப் பேசினால், திறந்த வானத்தின் கீழ் சீராக ஓடும்போது ஜிபிஎஸ்ஸை முள் மீட்டரால் தொட முடியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னல் அலைவெண் எவ்வளவு மாறி வருகிறது என்பதை அளந்து வேகத்தைக் கணக்கிடுகிறது. டயர் அளவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 800-க்குக் கம்பெனி டயர் 145/70 ஆர்12. அதில் ஆல்டோவின் 145/80-ஐப் போடுபவர்கள் உண்டு. சுற்றளவு ஏறக்குறைய 5.7 விழுக்காடு கூடும், முள் மீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். ஜிபிஎஸ் காட்டாது.

பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கம்பெனி மீட்டர்களைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே அமைப்பார்கள். ஐ.நா. விதி 39-இன்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டுவதில் பத்து விழுக்காடும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரை போகலாம். அதாவது உண்மையில் 60-இல் போகும் வண்டி 70 என்று காட்டினாலும் விதிப்படி சரி. சென்னையில் 2023 நவம்பரிலிருந்து கார்களுக்கு உச்ச வேகம் 60, குடியிருப்புப் பகுதிகளில் 30. முள்ளை 60-இல் வைத்து ஓட்டியவர் தெரியாமலே 55-இல் போய்க்கொண்டிருந்திருப்பார். ஜிபிஎஸ்ஸில் 60 என்றால் 60-தான், அந்தச் சலுகை இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் கார்களுக்கு வைத்திருக்கும் வேக அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. நான் 57-ஐத் தாண்டுவதில்லை.

குறைகளும் உண்டு. அடுக்குமாடியின் அடித்தள பார்க்கிங்கிலிருந்து வெளியே வந்தவுடன் எண் வராது. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை ஒருமுறை அனுப்பி முடிக்கவே அரை நிமிடம் ஆகிறது, அதற்குள் தெருமுனை வந்துவிடும். மெட்ரோ பாலத்துக்கு நேர் கீழே நீளமாகப் போகும்போது எண் சில சமயம் தடுமாறும், துரைசாமி சப்வே போன்ற குட்டிப் பள்ளங்களில் ஒரு கணம் உறையும். சட்டென்று வேகமெடுத்தால் எண் ஒரு நொடி பின்தங்கி வரும். நகருக்குள் இவையெல்லாம் தொந்தரவே இல்லை, வேகத்தைக் கவனிக்க வேண்டிய ஈசிஆரிலும் ஜிஎஸ்டி சாலையிலும் பெரும்பாலும் திறந்த வானம்தான். நீண்ட மலைச் சுரங்கங்களில் நான் ஓட்டியதில்லை, அங்கே எண் இல்லாமல்தான் போகவேண்டியிருக்கும். கண்ணாடியில் உலோகம் கலந்த பிலிம் ஒட்டியிருந்தால் சிக்னல் குறையும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது வண்டிக்காரர்களுக்கு இந்த வழியே வேண்டாம். அங்கே வேக சென்சார் மீட்டருக்கு மட்டும் வேலை செய்வதில்லை, எஞ்சின் கம்ப்யூட்டரும் அதைக் கேட்கிறது. சென்சாரைச் சரிசெய்யாமல் ஜிபிஎஸ் வைத்தால் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

கடைசியாகச் சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது விதி, ஓட்டுநருக்கு வேகம் காட்டும் ஸ்பீடோமீட்டர் வண்டியில் இருக்கவேண்டும் என்கிறது. தகுதிச் சோதனைப் பட்டியலிலும் ஸ்பீடோமீட்டர் உண்டு. என் வண்டி 2010-இல் பதிவானது. 2025-இல் ஆர்.சி.யை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தபோது முள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டு மேல் இருக்கும் பெட்டியை ஆய்வாளர் ஒத்துக்கொள்வாரா என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. அடுத்த முறை 2030-இல்தான். வேண்டாம் என்றால் மீட்டரை அப்போது வேலைக்குக் கொடுத்துக்கொள்ளலாம், அதுவரை யாரையும் அதில் ஸ்க்ரூடிரைவர் வைக்க விடுவதாக இல்லை.