132-ஐத் தாண்டாமல் பத்து மாதம்: மார்புப் பட்டையோடு ஓடிய அனுபவம்

2019 ஜனவரியில் ஃபுல் மாரத்தான் முடித்தேன், 42.195 கிலோமீட்டர், 4 மணி 41 நிமிடம். அதற்கப்புறம் குதிகால் வலி, லாக்டவுன், அப்பாவின் உடல்நிலை என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. நடுவில் மூன்று தடவை திரும்ப ஆரம்பித்தேன், மூன்று தடவையும் இரண்டே வாரத்தில் நின்றுபோனது. என்னை நிறுத்தியது வாட்ச்சில் தெரிந்த பேஸ்தான், அதாவது ஒரு கிலோமீட்டர் ஓட எத்தனை நிமிடம் ஆகிறது என்ற கணக்கு. முன்பு பேசிக்கொண்டே கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 20 நொடியில் ஓடியவனுக்கு இப்போது அதே வேகத்தில் மூச்சு இரைக்கிறது என்றால், மறுநாள் காலை நாலரைக்கு எழுந்திருக்க எங்கிருந்து மனசு வரும்?

போன பிப்ரவரியில் மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை ஒன்று வாங்கினேன். வாட்ச் திரையிலிருந்து பேஸை எடுத்துவிட்டுத் துடிப்பை மட்டும் வைத்தேன். ஓடும்போது துடிப்பு எதைத் தாண்டக் கூடாது என்பதற்குப் பயிற்சியாளர் ஃபில் மாஃபடோனின் கணக்கு எளிது: 180-இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும், ரொம்ப நாள் விட்டுப்போனவர்கள் இன்னும் 5 கழிக்க வேண்டும். எனக்கு 43 வயது, ஆக நிமிடத்துக்கு 132 துடிப்பு. அதைத் தாண்டினால் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் சென்னை எலியட்ஸ் பீச்சில் ஷ்மிட் நினைவுச் சின்னத்திலிருந்து கிளம்பி 300 மீட்டர் போவதற்குள் பட்டை 140-ஐக் காட்டிவிட்டது. நடந்தேன், 125-க்கு இறங்கியதும் ஓடினேன், மறுபடி நடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 15 நொடி. ஆனால் கால் வலிக்கவில்லை, மறுநாளும் போகலாம் போலிருந்தது. வருஷக்கணக்கில் வராத அந்த ஆசை வந்ததற்காகவே இந்தப் பட்டைக்குக் கொடுத்த காசு தகும் என்பேன். கூழ் விற்கும் அக்கா, "என்ன தம்பி, இத்தனை வருஷமா ஆளையே காணோம்?" என்று கேட்டுவிட்டுச் சொம்பு நிறைய ஊற்றிக் கொடுத்தார். அடுத்த நாள் போகாவிட்டால் அவர் கேட்பார் என்பதும் ஒரு காரணம்தான்.

ஏப்ரலில் அதே 132-க்கு கிலோமீட்டருக்கு 8:20 வந்தது. மே மாதம் கத்திரியில் திரும்ப 8:55-க்குப் போனது. இங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். நம்ம ஊர் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோல் பக்கமும் ஓட வேண்டும், வியர்த்து நீர் போகப் போக ரத்தத்தின் அளவும் குறையும். அதனால் அதே வேகத்துக்கே இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. தகுதி ஒன்றும் குறைந்துவிடவில்லை. இது புரிந்த பிறகு அந்த மாதம் முழுக்க வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல், 45 நிமிடம் வெளியே இருந்தால் போதும் என்று போய் வந்தேன்.

பட்டையைப் பற்றி: கட்டுவதற்கு முன் உள்பக்கத்து ரப்பர் பகுதியைத் தண்ணீர் தொட்டு நனைக்க வேண்டும், இல்லையென்றால் முதல் பத்து நிமிடம் கன்னாபின்னாவென்று காட்டும். ஓடி முடித்ததும் அலசிக் காயப்போடாவிட்டால் உப்பு படிந்து நாறும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் விளிம்பு உரசி நெஞ்சுக்குக் கீழே தோல் சிவந்துவிடுகிறது, வாஸ்லின் தடவிக்கொள்கிறேன். பேட்டரியை ஒரு தடவை மாற்றினேன், கடிகாரக் கடையில் கிடைக்கும் சி.ஆர்.2032. மணிக்கட்டு சென்சாரே போதாதா என்று கேட்பார்கள். எனக்குப் போதவில்லை. ஓடும்போது அது சில நேரம் காலடி எண்ணிக்கையைத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு 170 காட்டியது.

நவம்பரில் 7:25. போன ஞாயிறு பெசன்ட் நகரிலிருந்து திரு.வி.க. பாலம், சாந்தோம், கலங்கரை விளக்கம், நேப்பியர் பாலம் என்று போய்த் திரும்பினேன், இரண்டே முக்கால் மணி நேரம். திரும்பும்போது சாந்தோம் தாண்டி 136 வந்தது, நடந்தேன்.

ஜனவரிக்கு ஹாஃப் மாரத்தான் பதிவு செய்துவிட்டேன். நேர இலக்கு வைக்கவில்லை. ஏற்கெனவே விடாமல் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த முறை இழுவையாகத் தெரியலாம். ஆனால் ஷூவை அலமாரியில் வைத்துவிட்டுத் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால், ஒரு மூன்று மாதமாவது பேஸைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு ஓடிப் பாருங்கள்.