அப்பா யார் என்று கேட்கவில்லை

கும்பகோணத்தில் குழந்தை டாக்டரிடம் போவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் அப்பா போய்ப் பெயர் எழுதிவைத்தார். பதினேழாம் நம்பர். பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தோம், ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். அதில் எனக்குக் குறையே இல்லை. அதே மாதிரி மரபெஞ்சில் அம்மா மடியில் படுத்துக்கொண்டு நானும் காத்திருந்தவள்தான். டெட்டால் வாசமும், கம்பவுண்டர் நம்பர் சொல்லிக் கத்துவதும் பதினோரு வருஷத்துக்கு அப்புறம் கேட்க நன்றாகவே இருந்தது.

பாப்பாவுக்கு எட்டு மாதம். சளி, லேசான காய்ச்சல், அவ்வளவுதான். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், முகத்தைப் பார்த்தார். “பிறந்ததிலேர்ந்து கண்ணு இப்படித்தானா?” என்றார். ஆமாம் என்றேன். சளி மருந்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். “டவுன் சிண்ட்ரோமா இருக்கலாம்மா. லேசா மாறுகண்ணும் தெரியுது. பக்கத்து லேப்ல குரோமோசோம் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க.” பிறவியிலேயே வந்து உடல், மூளை வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் கோளாறு அது. மணியை அடித்துவிட்டார். பதினெட்டாம் நம்பர் உள்ளே வந்துவிட்டது.

பாப்பாவின் அப்பா சிங்கப்பூர்ச் சீனர். லீவு கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட்டார். டாக்டர் பார்த்தது என்னையும் அம்மாவையும் மட்டும்தான். எங்கள் இருவருக்கும் முட்டைக் கண். குழந்தையின் அப்பா யார், எப்படி இருப்பார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போனில் இருக்கும் படத்தைக் காட்டியிருப்பேன். அவருக்கும் அவர் அம்மாவுக்கும் மேலிமையிலிருந்து ஒரு தோல் மடிப்பு இறங்கி, மூக்கோரக் கண்முனையை மூடியிருக்கும். பாப்பாவுக்கு இருப்பது அதேதான்.

லேப்பில் 4,500 ரூபாய் என்றார்கள். பணத்துக்காக இல்லை, எட்டு மாதக் குழந்தைக்கு ஊசி குத்த மனசு வராமல் வீட்டுக்குத் திரும்பினோம். வழியெல்லாம் அம்மா பேசவில்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

சிங்கப்பூரில் முக்கால்வாசிப் பேர் சீன வம்சம். பாப்பாவைப் பார்க்கும் டாக்டருக்கே இதே கண். தடுப்பூசி, எடை, உயரம், எந்த மாதம் கழுத்து நின்றது, எப்போது குப்புற விழுந்தாள், எல்லாம் எழுதிய புத்தகம் என் பையில்தான் இருந்தது. கர்ப்பத்தில் எடுத்த ஸ்கிரீனிங் முடிவும் இருந்தது. அதையெல்லாம் பிரித்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

சந்தேகப்பட்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் பலருக்கு இந்த மடிப்பு உண்டு. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயக் கோளாறும் இருக்கும் என்பதால் சீக்கிரம் கண்டுபிடிப்பது ரொம்ப முக்கியம். ஆனால் மடிப்பை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 1866-இல் லாங்டன் டவுன் இந்தக் குழந்தைகளைப் பற்றி எழுதியபோது கண்ணையும் முகத்தையும் பார்த்து ‘மங்கோலியர்’ என்று பெயர் வைத்தார். காரணம் இனம் இல்லை, 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல் என்பது 1959-இல்தான் தெரிந்தது. அந்தப் பெயர் வேண்டாம் என்று மங்கோலியாவே கேட்டுக்கொண்ட பிறகு 1965-இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. ஒரு மடிப்பை வைத்து முடிவு கட்டும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அப்பா தஞ்சாவூரில் ஒரு பெரியவரிடம் கூட்டிப்போனார். அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்து ரிட்டையர் ஆனவர், வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கிறார். டோக்கன் இல்லை. முதலில் கேட்டதே, “வீட்டுக்காரர் எந்த ஊரும்மா?”

சொன்னேன். படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அதோடு விட்டுவிடவில்லை என்பதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். டவுன் என்றால் உடம்பு துவண்டு, கையிலிருந்து நழுவுகிற மாதிரி இருக்குமாம். இவள் காலை உதைத்தாள். உள்ளங்கை ரேகை, கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடைவெளி, நாக்கு, காது எல்லாம் பார்த்தார். இதயத்தை ரொம்ப நேரம் கேட்டார். மடிப்பு மேலிருந்து இறங்குகிறதா, கீழிமையிலிருந்து ஏறுகிறதா என்று விரலால் நீவினார். கீழிருந்து ஏறி, கண்ணும் சிறுத்து, இமையும் தொங்கினால் அது குடும்பத்தில் வரும் வேறொரு கோளாறு. பெண் பிள்ளையானால் சிலருக்குப் பின்னால் சினைப்பையும் பாதிக்கும், அதனால் பார்த்தேன் என்றார்.

பிறகு டார்ச் அடித்தார். இரண்டு கருவிழியிலும் வெளிச்சப் புள்ளி ஒரே இடத்தில் விழுந்தது, அப்படியென்றால் மாறுகண் இல்லையாம். மூக்குத் தண்டின் தோலை மெல்லக் கிள்ளிப் பிடித்து, “இப்பப் பாருங்க” என்றார். மடிப்பு விலகியது, மாறுகண்ணும் போய்விட்டது! உள்ளோர வெள்ளையை மடிப்பு மறைப்பதால்தான் கண் உள்ளே திரும்பின மாதிரி தெரிகிறதாம். “நம்ம ஊர்க் குழந்தைங்க சிலருக்கும் மூக்குத் தண்டு எழும்புற வரைக்கும் இந்த மடிப்பு இருக்கும்மா, அப்புறம் போயிடும். இவளுக்கு நிக்கலாம். நிக்கட்டும், அவங்க பாட்டி கண்ணு.” அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

நூறு ரூபாய் வாங்கினார். சிங்கப்பூரில் இவ்வளவு நேரம் யாரும் என் குழந்தையைத் தொட்டுப் பார்த்ததில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் பழைய கிளினிக்கிற்குப் போனேன். டோக்கன் போடச் சொன்னார்கள், போட்டேன், இருபத்திரண்டு. உள்ளே போய்ப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.